எண்ணூர் இறாலை வாங்கலாமா? வாங்குபவர்களும் விற்பவர்களும் பேச வேண்டிய இழை

கழிக்கரை மகன் | ஞாயிறு, இரவு 9.10

இன்று காலை என் அம்மா திருவொற்றியூரில் வழக்கமாக உட்காரும் இடத்தில் கூடையை இறக்கினார். மடவை, கொஞ்சம் கிழங்கான், அரைக் கூடை வெள்ளை இறால். பல ஆண்டுகளாக அவரிடம் மீன் வாங்கும் ஒரு அம்மையார் இறாலைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது கடல் இறாலா, ஆற்று இறாலா?" என்று கேட்டாராம். அம்மாவுக்குப் பொய் வராது. "ஆற்று இறால்தான்" என்றார். அந்த அம்மையார் இறாலைத் திரும்பக் கூடையில் வைத்தார், விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. விலை படியாமல் போவது அவருக்குப் பழக்கம். ஆனால் தெரிந்த முகம் ஒன்று விரலை முகர்ந்துவிட்டுப் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் விழுகின்றன. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று அந்தக் கழியை நம்பி இருக்கும் ஊர்கள் எங்களுடையவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியது. மழை நின்ற மறுநாள் ஆறு கருப்பாக இருந்தது. படகின் இரு பக்கமும் தார் பூசியதுபோல ஒட்டியிருந்தது. கூழைக்கடாக்கள் வெள்ளை நிறம் போய்ப் பழுப்பாக நின்றன. எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மேலே தெரிகிறது.

இது முதல் முறையும் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் மிகக் குறைவு என்றுதான் முதலில் பேச்சு. நாளாக ஆக அந்த அளவு ஏறி, கடைசியில் ஏறத்தாழ 200 டன் என்றார்கள். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் வாளியால் அள்ளினோம். நான் அப்போது கல்லூரி மாணவன். இரண்டு வாரம் என் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை.

நான் இங்கே கேட்பது ஒன்றுதான். இப்போது எங்கள் இறாலை வாங்கலாமா, கூடாதா? யாராவது சோதித்துப் பார்த்து எங்களுக்குச் சொன்னார்களா? "வாங்காதீர்கள்" என்று உறுதியாகச் சொன்னால்கூட அம்மா ஏற்றுக்கொள்வார். ஒன்றும் சொல்லாமல் முகர்ந்துவிட்டுப் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.


தண்டையார்பேட்டை வாசகி | ஞாயிறு, இரவு 9.52

தம்பி, உங்கள் அம்மாவிடம் வாங்காமல் போனவர் நான் இல்லை. ஆனால் நானும் அப்படித்தான் போயிருப்பேன், அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. 2023 டிசம்பருக்குப் பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் எந்த மீனும் வாங்கவில்லை, கோழிதான். இப்போது வாங்குகிறோம். ஆனால் நண்டு, மட்டி பக்கம் போவதில்லை. ஏன் அவை மட்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, யாரோ சொன்னார்கள். தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.


அலையாத்தி | ஞாயிறு, இரவு 11.30

கடல் உயிரியல் படித்தவள். எண்ணூரில் நான் நேரடியாக ஆய்வு செய்ததில்லை. பொதுவாக உறுதிப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

வாசகி அக்கா, மட்டியை விலக்கியதில் நியாயம் இருக்கிறது. மீனின் கல்லீரல் எண்ணெயில் உள்ள நச்சுச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும். சுத்தமான நீரில் சில வாரங்கள் இருந்தால் சதையில் அவற்றின் அளவு பெருமளவு குறைந்துவிடும். இறாலுக்கும் நண்டுக்கும் அந்தத் திறன் மீனைவிடக் குறைவு. மட்டிக்கும் ஆளிக்கும் மிக மிகக் குறைவு. அவை நீரை வடிகட்டித் தின்பவை, நீரில் உள்ளது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே "எண்ணூர் மீன்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் கட்டிப் பேசுவது தவறு. ஓடித் திரியும் மடவை வேறு, சேற்றில் உட்கார்ந்திருக்கும் மட்டி வேறு.

அடுத்தது சேறு. நீர்மேல் மிதக்கும் எண்ணெய்தான் புகைப்படத்தில் வரும், அதை அள்ளிவிட்டால் வேலை முடிந்ததாக எல்லோரும் நினைப்பார்கள். கழியின் அடிச்சேற்றில் காற்றுப் புகாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் எண்ணெய் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அலாஸ்காவில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கொட்டியது. இருபது ஆண்டு கழித்தும் அங்கே கடற்கரைக் கூழாங்கற்களைத் தோண்டினால் எண்ணெய் இருந்தது. அங்கே ஹெர்ரிங் மீன் வளம் உடனே சரியவில்லை, 1993இல்தான் சரிந்தது. அதற்கு எண்ணெய் ஒன்றுதான் காரணமா, நோயும் சேர்ந்ததா என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த மீனை நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

முட்டையும் குஞ்சும்தான் எனக்குப் பெரிய கவலை. பெரிய மீனைக் கொல்ல முடியாத அளவு எண்ணெய்கூட, முட்டைக்குள் வளரும் குஞ்சின் இதயத்தைக் கோணலாக்கிவிடும். கழி என்பது இறாலுக்கும் பல மீன்களுக்கும் தொட்டில். தொட்டிலில் நடந்த இழப்பு, இரண்டு மூன்று பருவம் கழித்து வலையில்தான் தெரியும்.


காசிமேட்டு வியாபாரி | திங்கள், காலை 6.15

நான் நாற்பது ஆண்டாக ஏலம் எடுப்பவன். மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். இந்த இழையை மூடிவிடுங்கள்.

2017இல் எண்ணெய் பரவியது எண்ணூரிலிருந்து தெற்கே சில கடற்கரைகளில். விற்பனை படுத்தது நகரம் முழுவதும். ஆந்திரத்திலிருந்து லாரியில் வந்த மீனைக்கூட யாரும் தொடவில்லை. ஐம்பது மைல் தள்ளி ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரத்தைப் பார்த்து "எண்ணெய் மீனா?" என்றார்கள். கருப்புக் கரையைத் தொலைக்காட்சி காட்டக் காட்ட, இங்கே பனிக்கட்டிப் பெட்டியில் மீன் தேங்கியது. எண்ணெய் கொன்ற மீனைவிடப் பேச்சு கொன்ற மீன் அதிகம். அலையாத்தி அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அதைப் படிக்கிறவர் கழி, கடல், மட்டி, வஞ்சிரம் என்று பிரித்துப் பார்க்கப் போவதில்லை. நேராகக் கோழிக் கடைக்குப் போவார்.


கழிக்கரை மகன் | திங்கள், காலை 7.40

ஐயா, நீங்கள் சொல்வதை என் அப்பாவும் சொல்வார். அதனால்தான் நான் ஓராண்டுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஆனால் எங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். நிவாரணம் கேட்டுப் போனால் "ஆறு செத்துவிட்டது, இறால் இல்லை, இருப்பதும் எண்ணெய் நாறுகிறது" என்று சொல்ல வேண்டும். மறுநாள் கூடையோடு தெருவில் உட்கார்ந்தால் "நல்ல இறால் அம்மா, நாற்றமே இல்லை" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாய் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் இரண்டையும் நம்புவதில்லை. சிலர் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள்: "பணம் வாங்கும்போது விஷம், விற்கும்போது அமிர்தமா?"

இரண்டுமே உண்மையாக இருந்த நாட்கள் உண்டு. டிசம்பரில் அப்பா கொண்டுவந்த மடவையைக் குழம்பு வைத்தபோது மண்ணெண்ணெய் வாடை வீடெல்லாம் அடித்தது, கொட்டிவிட்டோம். ஏப்ரலில் அதே ஆற்று மடவை நன்றாக இருந்தது, நாங்களே சாப்பிட்டோம். இடையில் எந்த நாளில் அது மாறியது என்று யார் சொல்வது? சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் எல்லா நாளுக்கும் சேர்த்து எங்கள்மேல் சந்தேகம் விழுகிறது.

வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருப்பு எண்ணெய் பட்ட நைலான் வலையைத் துவைக்க முடியாது. டீசலில் அலசினால் கறை கொஞ்சம் விடும், வாடை விடாது. எங்கள் வீட்டில் நான்கு வலை அப்படிப் போயிற்று. புதிதாக வாங்கிய கடனுக்கு அப்பா இன்னும் வட்டி கட்டுகிறார்.


மணலி இரவுப்பணி | திங்கள், மாலை 4.05

நான் மணலியில் ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எந்த ஆலை என்று சொல்ல மாட்டேன். என் தம்பி எண்ணூரில் படகு வைத்திருக்கிறான். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே நடக்கும்.

பொதுவாக இப்படிப்பட்ட ஆலைகளில் மழைநீர் நேராக வெளியே போகாது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் போக வேண்டும். தொட்டியின் தத்துவம் எளிது: எண்ணெய் இலேசானது, நீர் மெதுவாக நகர்ந்தால் எண்ணெய் மேலே மிதந்துவிடும், அதை வழித்து எடுத்துவிடலாம். நீர் மெதுவாக நகர வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரே இரவில் வெள்ளம் பாய்ந்தால் மிதப்பதற்கு நேரமே கிடைக்காது. தொட்டியில் ஏற்கெனவே தேங்கிய எண்ணெயையும் வெள்ளம் தூக்கிக்கொண்டு போய்விடும். கால்வாய் ஓரத்திலும் தரையிலும் பல ஆண்டாகப் படிந்திருப்பதும் அதோடு சேரும்.

"இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்" என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். நானும் சில நாள் சொன்னேன். ஆனால் சென்னைக்கு 2015இல் வெள்ளம் வந்தது. டிசம்பர் மழை என்பது நமக்குத் தெரியாத விருந்தாளி இல்லை. வரப்போகிற வெள்ளத்துக்கு ஏற்ற தொட்டி கட்டுவதும், மழைக்காலத்துக்கு முன்பே அதைக் காலியாக வைப்பதும் மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆலையை மூடு என்று நான் சொல்லவில்லை, என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. என் தம்பியின் அடுப்பு அணையாமல் இருக்க ஆலைக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். அதைத்தான் சொல்கிறேன்.


பழவேற்காடு தேவி | திங்கள், இரவு 8.20

எல்லோரும் படகு, வலை என்றே பேசுகிறீர்கள். படகும் வலையும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

கழியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? இருளர் குடும்பங்கள் பல, மற்றவர்களும் உண்டு, பெண்கள் அதிகம். இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். கைதான் வலை. அந்தச் சேற்றில்தான் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கால் வைத்துப் பார்த்திருக்கிறேன். மிதித்தால் நீர்மேல் வானவில்போலப் படலம் விரியும். என் சித்தி ஒருத்தி எண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவர், இந்த வேலைதான். முழங்கை வரை அரிப்பு, புண். மூன்று மாதம் தண்ணீரில் இறங்கவில்லை. பிறகு இறங்கினார், வேறு என்ன செய்வார்?

அரசு அறிவித்த நிவாரணத்தைக் கணக்குப் பாருங்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் படகை எண்ணலாம், அட்டையை எண்ணலாம். சித்தியின் இரண்டு கையை எந்தப் பத்தியில் எழுதுவது? பட்டியல் எடுக்க வந்தவர்கள் "என்ன தொழில்" என்று கேட்டார்கள். "கூலி" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர் கூலிக்காரர் இல்லை. மீன்பிடிப்பவர். அந்த ஒரு சொல் எழுதப்படாததால் அவர் இழந்தது மீன்பிடி இழப்புக் கணக்கில் வரவே இல்லை.


தாழங்குப்பம் | திங்கள், இரவு 8.41

தேவி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. வலை பின்னுபவர்கள், கருவாடு போடும் ஆயாக்கள், நண்டு பிரித்துக் கொடுப்பவர்கள், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


வழக்காடி | செவ்வாய், காலை 10.10

வழக்கறிஞர். பயன்படும் செய்திகள் சில.

கப்பலிலிருந்து கொட்டினால் ஒரு வழி, தரையிலிருந்து வந்தால் வேறு வழி. எண்ணெய்க் கப்பல் விபத்துகளுக்குப் பன்னாட்டு உடன்படிக்கைகள் உண்டு. கப்பல் உரிமையாளர் காப்பீடு வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பன்னாட்டு நிதியமும் இருக்கிறது. ஆனால் இழப்பு ஏற்பட்டு மூன்று ஆண்டுக்குள் உரிமை கோரியாக வேண்டும். 2023இல் வந்தது தரைவழி எண்ணெய். அதற்கு இந்த உடன்படிக்கைகள் உதவாது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம்தான் கைகொடுக்கும். தென்மண்டல அமர்வு இந்த விவகாரத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது பலருக்குத் தெரியும். தனி நபர் இழப்பீடு கோரவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு, காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள். அதாவது 2028 டிசம்பர் வரை. விபத்து என்றால் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பொறுப்பு ஏற்க வைக்கலாம் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

சிக்கல் சான்றில்தான். எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்டால், முன்பு எவ்வளவு கிடைத்தது என்று காட்ட வேண்டும். நம் மீனவர்களிடம் கணக்கு மனத்தில் இருக்கிறது, தாளில் இல்லை.

நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் போடோ என்ற ஊர். 2008இல் ஷெல் நிறுவனத்தின் குழாய் இருமுறை கசிந்து கண்டல் காடும் கழியும் அழிந்தன. ஊரார் லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்கு உடன்பாடு வந்தது. அதில் 3.5 கோடி, 15,600 பேருக்குத் தனித்தனியாக, மீதி 2 கோடி ஊருக்குப் பொதுவாக. அந்த 15,600 என்ற எண்ணைப் பாருங்கள். படகுக் கணக்கால் அந்த எண் வராது. ஒவ்வொரு ஆளாகப் பெயர் எழுதியதால் வந்தது. தேவி அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.


குளச்சல் கரை | செவ்வாய், பகல் 1.30

2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களோடும் 367 டன் உலை எண்ணெயோடும் மூழ்கியது. எங்கள் கரைக்கு எண்ணெய் வரவில்லை, பிளாஸ்டிக் குருணைதான் ஒதுங்கியது. ஆனாலும் சில வாரம் மீன் விலை விழுந்தது. காசிமேட்டு ஐயா சொல்லும் வலி எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லும் மருந்து தவறு. பேசாமல் இருந்ததால் எங்களுக்கும் விலை ஏறவில்லை. யாரும் எதுவும் சொல்லாதபோது சனங்கள் இருப்பதிலேயே மோசமானதைத்தான் நம்புகிறார்கள்.


அலையாத்தி | செவ்வாய், இரவு 9.45

குளச்சல் அண்ணா சொன்னதை ஒட்டி ஒன்று. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளை மேடை வெடித்தது. பதினொரு பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் பாய்ந்தது. அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் உள்ள வளைகுடாக் கடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மீன்பிடிக்க மூடியது. பிறகு பகுதி பகுதியாகத் திறந்தது. ஒவ்வொரு பகுதியைத் திறப்பதற்கு முன்பும் அங்கே மீன் பிடித்து இரண்டு சோதனை செய்தார்கள். இரண்டாவது ஆய்வகத்தில் ரசாயனச் சோதனை. முதலாவது மூக்கு. பயிற்சி பெற்றவர்கள் பச்சை மீனையும் வேகவைத்த மீனையும் முகர்ந்தும் சுவைத்தும் பார்த்தார்கள். எண்ணெய் வாடை தெரிந்தால் அந்தப் பகுதி திறக்கப்படாது. எந்த நாளில் எந்தப் பகுதி திறந்தது என்பது எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டது. அங்கும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லவில்லை, வழக்குகள் ஏராளம். ஆனால் "எந்த நாளில் மாறியது" என்று கழிக்கரைத் தம்பி கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறை உலகில் இருக்கிறது.

இங்கேயும் செய்யலாம். கழியை ஐந்தாறு பகுதியாகப் பிரித்து, மீன், இறால், நண்டு, மட்டி என்று தனித்தனியாகச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு குப்பத்துக் கரையிலும் பலகையில் ஒட்டலாம். மூடிய நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், படகு இல்லாதவருக்கும். அப்படி ஒரு பலகை இருந்தால் ஐயாவின் வஞ்சிரத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.


காசிமேட்டு வியாபாரி | புதன், காலை 5.50

பலகை என்றால் சரி. அதை நான் ஏலக்கூடத்தில் ஒட்டுவேன். இழையை மூடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.


கழிக்கரை மகன் | புதன், இரவு 9.00

அந்த மூக்குச் சோதனையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "செவுளைத் தூக்கி முகர்ந்தால் தெரியாதா? உன் ஆயா இருட்டில் முகர்ந்தே கடல் மீன், ஆற்று மீன் பிரிப்பாள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊரில் முகர்கிறவர்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். ஞாயிறுக்குப் பிறகு இன்றுதான் முகம் தெளிந்திருந்தது.

வழக்காடி ஐயா சொன்னதைக் கேட்டு இன்று ஒரு நீள நோட்டு வாங்கினேன். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். முதல் பக்கம் இது: "புதன். சிவன்படைக்குப்பம் எதிரே. மடவை இரண்டு கிலோ, கெளுத்தி ஒன்று, இறால் முக்கால் கிலோ. வாடை இல்லை. அம்மா முகர்ந்தார். விற்றது எல்லாம், இறால் பாதி விலைக்கு." தேவி அக்கா, உங்கள் சித்திக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் மீன்பிடி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். அவருக்கு எழுத வராது என்றால் சொல்லுங்கள், மாலையில் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

வழக்காடி ஐயாவிடம் ஒரு சந்தேகம். நாளை காற்று மோசம், அப்பா வலை போடப் போவதில்லை. ஒன்றும் பிடிக்காத நாளையும் எழுத வேண்டுமா?


வழக்காடி | புதன், இரவு 9.25

கட்டாயம் எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காற்றால் போகாத நாளும், ஆற்றால் போகாத நாளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.